முதல் பாதி சிரிப்பு, ரெண்டாம் பாதி கருத்து என்று பிரிக்காதீர்கள்

கேள்வி:

வணக்கம். நான் எழுதி வெளிவந்த முதல் படம் ஒரு மேன்ஷன் காமெடி. திருவல்லிக்கேணியில் ஒரே மாடியில் தங்கியிருக்கும் மூன்று பேச்சிலர்கள், காலையில் கக்கூஸ் வரிசை, டபுள் மீனிங், வாயு ஜோக், இவ்வளவுதான் படம். சின்ன பட்ஜெட், போட்ட காசுக்கு மேலேயே வந்தது. இப்போது தயாரிப்பாளர் பார்ட் டூ கேட்கிறார். மலக்குழி மரணங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் ஆசை. "தாராளமா பேசு. ஆனா முதல் பாதி முழுக்க சிரிக்க வை, இன்டர்வெல்லுக்கு அப்புறம் கருத்தை வை" என்கிறார். அப்படியே எழுதினேன். இன்டர்வெல்லில் பக்கத்துத் தெருவில் இரண்டு தொழிலாளர்கள் இறக்கிறார்கள். செய்தியைப் பார்த்து ஹீரோ பொங்கி எழுகிறான். கிளைமாக்ஸில் கோர்ட்டில் ஆறு நிமிடம் பேசி, 10 லட்சம் இழப்பீடு வாங்கித் தருகிறான். டிஸ்கஷனில் கதை சொன்னபோது இன்டர்வெல் வரை விழுந்து விழுந்து சிரித்தவர்கள், அதற்குப் பிறகு ஆளாளுக்கு மொபைலை எடுத்துவிட்டார்கள். முதல் பாகத்தில் ஹீரோவைத் துரத்தும் 'தங்கம்' என்ற திருநங்கை பாத்திரம் பெரிய ஹிட். அதையும் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஏ சான்றிதழ் கொடுத்துவிட்டால் வியாபாரம் போய்விடும் என்ற பயமும் உண்டு. எப்படித்தான் கலப்பது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை)

பதில்:

மொபைலை எடுத்தவர்கள் மேல் தப்பில்லை. இன்டர்வெல் வரை ஒரு படத்தைக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு வேறு படத்தைப் போட்டிருக்கிறீர்கள். முதல் பாதியில் சிரிப்பு மூட்டிய அதே கக்கூஸ், ரெண்டாம் பாதியில் அழ வைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். ஆனால் அது எப்படி மாறியது என்று காட்ட உங்கள் கதையில் ஒரு சீன்கூட இல்லை. செத்தவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள், சிரித்தவர்கள் மேன்ஷன்காரர்கள். இவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே இருப்பது ஒரு டிவி செய்தி மட்டும். செய்தி பார்த்துப் பொங்குகிற ஹீரோவை ஜனங்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தவே இல்லை. காமெடிப் படத்தின் இரண்டாம் பாகத்தில் சமூகக் கருத்தைச் சேர்க்க நினைக்கும் பலரும், சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். வாயு ஜோக்கையும் நீட் தேர்வையும் ஒரே கதையில் வைத்துத் தைக்கிறவர் படும் பாடு உங்களுக்கு வேண்டாம். உங்கள் ஆபாச ஜோக்கும் உங்கள் கருத்தும் ஒரே குழியில்தான் கிடக்கின்றன. ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதல் பாதியில் தியேட்டரைச் சிரிக்க வைத்த ஜோக்கே அந்தச் சாவுக்குக் காரணமாக வேண்டும். இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால், நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளில் பாதி தானாகவே விழுந்துவிடும்.

முதலில் பழைய படத்தை ஒரு நோட்டோடு உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் நாலு விஷயம் குறியுங்கள். யார் சொல்கிறான்? அடி யார் மேல் விழுகிறது? பக்கத்தில் நின்று யார் சிரிக்கிறார்கள்? கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டால் ஜோக்கில் மிச்சம் என்ன? ரெண்டேகால் மணி நேரப் படத்துக்கு இது ஒரு முழு நாள் வேலை. ஆனால் படம் ஏன் ஓடியது என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. உங்கள் மூன்று பேரும் வாடகை பாக்கிக்காரர்கள். மேன்ஷன் ஓனர், மேனேஜர், வரிசையில் முந்துகிற சேட்டைக்காரன் என்று எல்லோருக்கும் கீழே இருந்தவர்கள். அவர்களிடம் இருந்த ஒரே ஆயுதம் வாய். அதனால்தான் எவ்வளவு அசிங்கமாகப் பேசினாலும் ஜனங்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். அடி மேலே பார்த்துப் போகும்வரை பச்சையான ஜோக்குக்கு மன்னிப்பு உண்டு. தங்கம் வரும் சீன்களில் மட்டும் அடி கீழே பார்த்துப் போயிருக்கும். உங்கள் தயக்கத்துக்குக் காரணமும் அதுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

பார்ட் டூவில் இந்த மூவரையும் அதே மேன்ஷனில் வைத்தால் "அதே படம்தானே" என்பார்கள். தவிர, ஒரு தகவல் பிழையும் வரும். திருவல்லிக்கேணியில் பாதாளச் சாக்கடை உண்டு. செப்டிக் டேங்க் கதைக்கு அந்த இடம் ஒத்துவராது. ஆகவே அவர்களை வெளியே நகர்த்துங்கள். முதல் பாகத்து அனுபவத்தை வைத்து, பாதாளச் சாக்கடை இன்னும் வராத ஒரு புறநகரில், மூன்று பேரும் சேர்ந்து ஒரு ஆண்கள் விடுதியை லீஸுக்கு எடுத்து நடத்துகிறார்கள் என்று வையுங்கள். நேற்று வரிசையில் நின்றவர்கள் இன்று வரிசையில் நிற்க வைப்பவர்கள். "ஒரு மாடிக்கு ஒரு கக்கூஸ் போதும்டா" என்று பழைய ஓனர் சொன்ன அதே வசனத்தை இப்போது உங்கள் ஹீரோ சொல்வான். முதல் பாகம் பார்த்தவன் கைதட்டுவான். பார்க்காதவனுக்கும் அது கஞ்சத்தனமான ஓனர் ஜோக்காகவே புரியும். அந்தக் கைதட்டலுக்குள்ளேயே உங்கள் கருத்து ஆரம்பித்துவிட்டது, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இப்போது தொட்டி. இதில் விவரம் துல்லியமாக இருந்தால் காமெடி, சோகம் இரண்டும் அங்கிருந்தே கிடைக்கும். அது ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீடு. ஆறு பேருக்குக் கட்டிய தொட்டி. இவர்கள் அதில் நாற்பது பேரை அடைத்திருக்கிறார்கள். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய கசடு சில மாதங்களிலேயே நிரம்பும். பையன்கள் ஆணுறை, சரக்கு பாக்கெட், சிகரெட் டப்பா என்று கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே போட்டு ஃபிளஷ் செய்வார்கள். வார்டன் வரும்போது மறைக்க வேண்டியதெல்லாம் போகும் இடம் அதுதானே? உங்கள் பாணி காமெடிக்கு இது தங்கச் சுரங்கம். யாருடைய ஆணுறை என்று கண்டுபிடிக்க நடக்கும் விசாரணை மட்டுமே ஏழெட்டு நிமிடம் தாங்கும். அடைப்பு வருகிறது, பொங்குகிறது, வரவேற்பறை வரை வருகிறது. அந்த சீக்வென்ஸில் ஒளிவு மறைவே வேண்டாம். முழு அசிங்கத்தையும் இறக்குங்கள். ஜனங்கள் எவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறார்களோ, பின்னால் அவ்வளவு வலிக்கும்.

பிறகு லாரி வருகிறது. லாரி உறிஞ்சுவது மேலே இருக்கும் நீரையும் இளகிய கசடையும்தான். அடியில் இறுகிப்போனது, துணி, பிளாஸ்டிக் எல்லாம் குழாயில் ஏறாது. ரெண்டாவது தடவை லாரி கூப்பிட்டால் ரெண்டாவது வாடகை. அந்தக் காசை மிச்சம் பிடிக்கத்தான் "அடியில இருக்கிறத ஆள விட்டு எடுத்துரலாம்" என்கிற வாக்கியம் பிறக்கிறது. நிஜத்திலும் பல மரணங்கள் இந்த மாதிரி சாதாரணச் சிக்கனத்தில்தான் தொடங்குகின்றன. வில்லன் வேண்டியதில்லை. உங்கள் கதையில் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவன் ஹீரோ. ஹீரோவின் நண்பனோ காண்ட்ராக்டரோ சொன்னால் படம் தப்பித்துக்கொள்ளும். அவன் அதை ஒரு பேரம் பேசும் காமெடி சீனுக்குள் சொல்லட்டும். தியேட்டர் சிரித்துக்கொண்டே கடந்துபோகட்டும்.

சட்டமும் இங்கே கதைக்கு உதவும். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கும் எவரும் குற்றவாளி. முதல் முறை என்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. காண்ட்ராக்டரை மட்டும் பிடிக்கும் சட்டமில்லை அது. வேலைக்கு அமர்த்திய வீட்டுக்காரரையும் பிடிக்கும். ஆக, உங்கள் இன்டர்வெல்லில் ஹீரோ பொங்கி எழ வேண்டியதில்லை. அவன் பயந்து நடுங்க வேண்டும். குற்றவாளி ஹீரோ என்றால் ரெண்டாம் பாதியில் மொபைலை யாரும் எடுக்க மாட்டார்கள். மாட்டுவானா, மாட்டிவிடுவானா, பொய் சொல்வானா என்று பார்க்க உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்தது உங்கள் வாயு ஜோக். முதல் பாகத்தின் அடையாளமே அதுதான்: ஒருவன் உள்ளே நுழைந்தால் மற்ற இருவரும் மூக்கைப் பொத்துவது. இந்த மூக்குப் பொத்தலை எடுத்துக்கொண்டு மூன்று இடங்களில் நடுங்கள்.

முதல் இடம், படம் தொடங்கி இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள். லாரிக்காரரோடு வந்த ஒரு தொழிலாளி, ஐம்பது வயதுக்காரர், தொட்டி மூடியைத் திறக்கிறார். மூன்று பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பத்தடி பின்னால் ஓடுகிறார்கள். அவர் சிரிக்கிறார்:

"ஏன் தம்பி ஓடுறீங்க? நாத்தம் வந்தா பயமில்ல. நாத்தம் நின்னாதான் ஓடணும்."

"நாத்தம் நின்னா நிம்மதிதானண்ணே?"

"நிம்மதிதான். நிரந்தர நிம்மதி."

இது தியேட்டரில் ஒரு கவுண்டர் ஜோக்காகத்தான் விழும். விழட்டும். ஆனால் அவர் சொன்னது அறிவியல். கசடைக் கிளறும்போது வெளியேறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். சுமார் 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவைத் தாண்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று நினைத்து ஆள் இன்னும் ஆழமாக இறங்குவார். அளவு 500ஐத் தாண்டும் இடத்தில் நிமிடங்களில் மயக்கம், பிறகு மரணம். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியிலேயே தேங்கி நிற்கும். முதலில் விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும், அவரைத் தூக்கப் போகிறவரும் சாவது இதனால்தான்.

இரண்டாவது இடம், ஐம்பதாவது நிமிடம் வாக்கில், மிக லேசாக. விடுதியில் எவனோ வாயு விட, நண்பன் மூக்கைப் பொத்தாமல் ஆழ்ந்து மூச்சிழுத்து "நாத்தம் வருது. உசுரோட இருக்கோம்" என்கிறான். ஒரே வரி, அடுத்த சீனுக்குப் போய்விடுங்கள். இது வெறும் நினைவூட்டல்; இது இல்லாவிட்டால் மூன்றாவது இடம் வேலை செய்யாது.

மூன்றாவது இடம் தொட்டி. அந்தப் பெரியவர் அன்று வரவில்லை; அவர் மகனும் இன்னொரு பையனும் வந்திருக்கிறார்கள். ஒருவன் உள்ளே. மேலே ஹீரோ மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். உள்ளேயிருந்து குரல்: "அண்ணே, இப்ப நாத்தமே இல்லண்ணே." ஹீரோ கையை மூக்கிலிருந்து எடுக்கிறான். இங்கே நிறுத்துங்கள். பின்னணி இசை வேண்டாம், பெரியவரின் குரல் எதிரொலியாக வரும் ஃபிளாஷ்பேக் வேண்டாம், டாக்டர் ஒருவர் வந்து வாயுவின் பெயரைச் சொல்லும் சீனும் வேண்டாம். தியேட்டரில் பாதிப் பேருக்கு உடனே புரியும். மீதிப் பேருக்குப் பக்கத்து சீட்டுக்காரரின் அமைதியே சொல்லிவிடும். எடிட்டிங்கில் யாராவது "புரியாது, ஒரு குளோசப் இன்சர்ட் போடலாம்" என்பார்கள். விடாதீர்கள். இன்டர்வெல் கார்டை இதற்கு அடுத்த ஷாட்டில் போடலாம். படம் ரெண்டேகால் மணி நேரம் என்றால் இந்த இடம் எழுபதாவது நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

தங்கத்துக்கு வருவோம். கொண்டுவராமல் விட்டால் ரசிகர்கள் கேட்பார்கள், பழையபடி கொண்டுவந்தால் நீங்களே உங்கள் கருத்தைக் குழியில் போட்டு மூடியதாகும். மனிதரை மனிதர் அருவருப்பதுதானே உங்கள் படத்தின் விஷயம்? ஒரு திருநங்கையைப் பார்த்து ஹீரோ அலறி ஓடுவதில் சிரித்துவிட்டு, தொழிலாளியைப் பார்த்து மூக்கைப் பொத்துவது தப்பு என்று அதே படத்தில் சொல்ல முடியாது. அவரைக் கொண்டுவாருங்கள், வேலையோடு கொண்டுவாருங்கள். வீட்டு புரோக்கர் என்று வையுங்கள். இவர்களுக்கு அந்தக் கட்டடத்தைப் பிடித்துக் கொடுப்பவரே தங்கம்தான். அவரைப் பார்த்ததும் ஹீரோ பழைய பழக்கத்தில் அலறிப் பின்வாங்குகிறான். தங்கம் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னும் அந்த ஆக்டிங்க விடலையா நீ? அட்வான்ஸ் பத்து மாசம். இப்ப அலறு" என்கிறார். செட்டப் அதே செட்டப், அடி மட்டும் திரும்பிவிட்டது. முதல் பாகத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கும் உருக்கமான சீனெல்லாம் எழுதாதீர்கள். படத்தின் நல்ல கவுண்டர்களில் நாலைந்தை அவருக்குக் கொடுங்கள், அது போதும். அந்த வேடத்தில் ஒரு திருநங்கைக் கலைஞரையே நடிக்க வையுங்கள். இன்னொன்று: கடைசியில் அவரைத் தியாகம் செய்து சாக விடாதீர்கள். தமிழ் சினிமாவில் ஓரத்துப் பாத்திரங்களுக்குக் கௌரவம் சாவில் மட்டும்தான் கிடைக்கிறது.

சாவுக்குப் பிறகு சிரிக்க வைக்கலாமா என்ற தயக்கம் உங்கள் ரெண்டாம் பாதி முழுக்கத் தெரிகிறது. அங்கே ஒரு ஜோக்கும் இல்லை. அதனால்தான் அது வேறு படம் ஆகிவிட்டது. 1954இல் வந்த 'ரத்தக் கண்ணீ'ரை இந்த ஒரு காரணத்துக்காக மறுபடி பாருங்கள். எம்.ஆர்.ராதாவின் மோகனசுந்தரம் பணக்காரத் திமிரில் இருக்கும்போதும் நக்கல்தான், நோய் வந்து பிச்சையெடுக்கும்போதும் நக்கல்தான். வாய் மாறவில்லை, அந்த வாய் இருக்கும் உடம்பும் நிலைமையும் மாறிவிட்டன. அதனால்தான் சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. (தொழுநோயைப் பாவத்தின் சம்பளமாகக் காட்டியது இன்றைக்குச் செல்லாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வாயின் தொடர்ச்சியை மட்டும்.) உங்கள் ஹீரோவும் சாவுக்குப் பிறகு ஜோக் அடிக்கட்டும். பயத்தை மறைக்க அடிக்கட்டும், யாரும் சிரிக்காமல் இருக்கட்டும். போலீஸ் ஸ்டேஷனில் அவனுடைய முதல் பாதி ஹிட் ஜோக் ஒன்று அப்படியே செத்து விழுந்தால், அந்த ஒரு சீன் பத்து நிமிட அழுகைக்குச் சமம்.

ஆனால் தியேட்டர் நிஜமாகச் சிரிக்கும் அடுத்த ஜோக் ஹீரோவிடமிருந்து வரக் கூடாது. சாவு நடந்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள், இறந்தவன் வீட்டிலிருந்து வர வேண்டும். துக்க வீட்டு நகைச்சுவை நமக்குப் புதிதா? பந்தல் காசை யார் கொடுப்பது என்ற சண்டை, போதையில் ஒப்பாரியைத் தப்பாகப் பாடும் மாமா, மாலையோடு வரும் கட்சிக்காரர் இறந்தவன் பெயரை மாற்றிச் சொல்வது. அந்த வீட்டார் சிரித்தால்தான் நாமும் சிரிக்க அனுமதி கிடைக்கும். அவர்களை எப்போதும் கண்ணீரோடு மூலையில் உட்கார வைத்தால், பரிதாபத்துக்கு வைத்த பொம்மைகளாகிவிடுவார்கள்.

கோர்ட் வசனத்தைத் தூக்கிவிடுங்கள். ஆறு நிமிடமும். கருத்து கந்தசாமி என்று மீம் போடுவார்கள் என்பது ஒரு காரணம். குற்றவாளியே மீட்பராக மாறுவது அதைவிடப் பெரிய காரணம். போராட வேண்டியது இறந்தவன் மனைவி. ஹீரோவால் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் உண்மையைச் சொல்வது, அதுவும் தாமதமாக. அவள் போராட்டத்தில் உங்கள் பாணிக்கு ஏற்ற காமெடி கொட்டிக்கிடக்கிறது. தொட்டிக்குள் இறக்கியதால் செத்தான் என்று ஒத்துக்கொண்டால் வழக்கு, இழப்பீடு எல்லாம் வரும். ஆகவே ஓனரிலிருந்து அதிகாரி வரை எல்லோரும் அவன் தொட்டிக்கு 'அருகில்' வழுக்கி விழுந்ததாக நிரூபிக்கப் படாத பாடு படுவார்கள். "கால் தவறி, மேற்படி கழிவுக் கசடு சேகரிப்பு அமைப்பினுள்…" என்று அதிகாரி வாசிக்க, அவள் குறுக்கிட்டு ஒரே பச்சை வார்த்தையில் அது என்ன என்று சொல்லட்டும். படத்திலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான் விழும்.

10 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள்; திருத்த வேண்டும். 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தொகை அது. 2023 அக்டோபர் 20ஆம் தேதித் தீர்ப்பு அதை 30 லட்சமாக்கியது. நிரந்தர ஊனம் என்றால் குறைந்தது 20 லட்சம். உங்கள் கதை இன்றைக்கு நடக்கிறது என்றால் 30. பழைய தொகைதான் என்று ஒரு கிளார்க் ஏமாற்றப் பார்ப்பதாக வைத்தால், இந்த வித்தியாசமே ஒரு சீன்.

சாதியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அந்தக் குழிக்குள் யார் மட்டும் இறக்கப்படுகிறார்கள் என்ற கேள்வி இல்லாமல் இந்தக் கதை பாதிக் கதை. பெயர் சொல்லித் திட்டும் வசனங்கள் தேவையில்லை. சென்சாரிலும் நிற்காது, பார்ப்பவரையும் காயப்படுத்தும். அன்றாடம் நடப்பதே போதும். விடுதியில் சமையலுக்கு ஆள் எடுக்கும்போது "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, தள்ளியா?" என்று ஹீரோ கேட்கிறான்; தொட்டிக்கு ஆள் எடுக்கும்போது எதுவுமே கேட்கவில்லை. வேலை முடித்தவர் தண்ணீர் கேட்டால் எல்லோரும் குடிக்கும் டம்ளரை விட்டுவிட்டுத் தூக்கிப்போடும் பேப்பர் கப்பைத் தேடுகிறார்கள். ஹீரோ நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் முதல் பாதியிலேயே இவை வர வேண்டும்.

சான்றிதழ். சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ மூன்றாகப் பிரிந்துவிட்டது: 7+, 13+, 16+. இவை பெற்றோருக்கான வழிகாட்டல்தான், யாரையும் வாசலில் தடுக்காது. ஏ கிடைத்தால் 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, அப்படியே டிவியில் போடவும் முடியாது. டிவிக்காகக் காட்சிகளை மாற்றித் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். உங்கள் தயாரிப்பாளரின் பயம் அதனால்தான், நியாயமான பயம். என் கணிப்பில் இந்தக் கதைக்கு யு/ஏ 16+ குறிவைத்து எழுதுவது சரி. மலம், வாயு, சாவு மூன்றும் அதற்குள் அடங்கும். சிக்கல் படுக்கையறை டபுள் மீனிங்கில்தான். சென்சாரின் 1991 வழிகாட்டு நெறிகளில் கீழ்த்தரமான உணர்வுகளுக்குத் தீனி போடும் இரட்டை அர்த்த வசனங்கள், பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகள், மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்யும் காட்சிகள் கூடாது என்று வெளிப்படையாகவே இருக்கிறது. முதல் பாகத்தில் திக்கித் திக்கிப் பேசும் பாத்திரம் ஏதாவது இருந்து, அவன் திக்குவதே ஜோக் என்றால் இந்த முறை வேண்டாம். ஊனத்தைக் கேலி செய்யும் நகைச்சுவை வேறு, ஊனத்தோடு வாழும் அனுபவத்திலிருந்து பிறக்கும் நகைச்சுவை வேறு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே பிரித்துச் சொல்லியிருக்கிறது.

வசனம் எழுதும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். கெட்ட வார்த்தை வரும் இடத்தில் மேசையைத் தட்டி, அந்த வார்த்தையைச் சொல்லாமல் வாசியுங்கள். சிரிப்பு வந்தால் ஜோக் உயிரோடு இருக்கிறது. மியூட் விழுந்தாலும் கவலையில்லை. வராவிட்டால் அங்கே ஜோக்கே இல்லை, வார்த்தை மட்டும்தான். பஞ்ச் எப்போதும் கெட்ட வார்த்தைக்கு அடுத்த சொல்லில் இருக்கட்டும். அபாயமான ஒவ்வொரு வரிக்கும் உதட்டசைவு ஒத்துப்போகும் மாற்று வரி ஒன்றை ஷூட்டிங்கிலேயே எடுத்து வையுங்கள். டப்பிங்கில் சமாளிக்கலாம் என்று விட்டால் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகும். ரிலீஸ் தேதியை அறிவித்துவிட்டு சென்சாருக்குப் போகாதீர்கள். முதல் குழு சொல்லும் கட் பிடிக்கவில்லை என்றால் ரிவைசிங் கமிட்டி (மறு ஆய்வுக் குழு) உண்டு. அதற்கு மேல் இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை 2021இல் கலைத்துவிட்டார்கள். இப்போது உயர் நீதிமன்றம்தான். கையில் நாள் இல்லாதவன் சொன்ன கட் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு வருவான், அதில் அந்தப் பெண்ணின் பச்சை வார்த்தையும் போய்விடும்.

முதல் பாகத்தை நினைவூட்டும் விஷயங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஓனர் வசனம், மூக்குப் பொத்தல், தங்கம்: மூன்றும் ஆகிவிட்டன. பழைய பாட்டு ரீமிக்ஸ், பழைய காமெடியனின் கெஸ்ட் ரோல் எல்லாம் ரெண்டு நாள் கைதட்டல், மூன்றாவது நாள் இழுவை.

அடுத்த கதை சொல்லலுக்கு அதே டிஸ்கஷன் குழுவை அழைக்காதீர்கள். பவுண்ட் ஸ்கிரிப்டை (முழுதாக எழுதி முடித்த திரைக்கதையை) எட்டுப் பத்துப் பேருக்கு, நடித்துக் காட்டாமல், வெறுமனே வாசியுங்கள். பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். தூய்மைப் பணியாளர் குடும்பத்திலிருந்து இருவராவது கண்டிப்பாக வேண்டும். அவர்களைச் சும்மா கூப்பிட்டு ஒப்புதல் வாங்கியதாகக் காட்டாமல், ஆலோசகர் என்று பெயர் போட்டுச் சம்பளம் கொடுங்கள். தொட்டி மூடியை எப்படித் திறப்பார்கள், கயிற்றை எங்கே கட்டுவார்கள், கூலி எப்போது கைக்கு வரும் என்பதெல்லாம் அவர்களிடம்தான் கிடைக்கும். வாசிக்கும்போது சிரிப்பு எங்கே வருகிறது என்பதைவிட, சிரிப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரின் முகத்தை யார் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த இடங்களில் அடி தப்பான ஆள் மேல் விழுகிறது. குறித்துவைத்துத் திருத்துங்கள்.

தொட்டி சீனை எந்தக் காரணத்துக்காகவும் நிஜத் தொட்டியில் எடுக்காதீர்கள். "பல வருஷமா பயன்படுத்தல சார், காஞ்சு கிடக்கு" என்று லொகேஷன் மேனேஜர் காட்டும் தொட்டியிலும் வாயு தங்கியிருக்கலாம், பிராணவாயு குறைவாக இருக்கலாம். செட் போடுங்கள். மேல் துளை ஒரு செட், உள்பக்கம் பக்கச்சுவர் கழற்றக்கூடிய இன்னொரு செட். கசடுக்குக் களிமண், ஓட்ஸ் கஞ்சி, காபித் தூள் கலந்தால் கேமராவுக்கு நம்பும்படி இருக்கும், நடிகரின் தோலுக்கும் கெடுதல் இல்லை. கஞ்சி அரை நாளில் புளித்துவிடும். காலை, மதியம் என்று ரெண்டு தடவை புதிதாகக் கலக்கச் சொல்லி கலை இயக்குநரின் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள்.